செங்கல்வராயனின் எட்டுச் சாவிகள்

நகரியில் பேச்சு இப்படித்தான் கிளம்பியதாம்: செங்கல்வராயன் சைப்ரஸ் தீவில் ஊருக்கு ஒரு வீடு வைத்திருக்கிறான், வீட்டுக்கு ஒரு பொம்பளை. சாவிக்கொத்து இடுப்பில் தொங்குகிறது. சனிக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடுகிறான்.

சொன்னவன் சலீம். லிமசோல் நகரத்தில் இரண்டு வருஷம் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் புத்தூருக்குத் திரும்பியவன். அவன் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் சொல்ல, லட்சுமம்மா திருப்பதியில் இருக்கும் என் அக்கா கன்னிகாவிடம் சொல்ல, அக்கா வாட்ஸாப்பில் என்னைப் பிடித்தாள். பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"வெறும் வாய்ப்பேச்சா இருந்தா நானே நம்பமாட்டன் சடகோபா. போட்டோ இருக்குது. அனுப்பறன், பாரு."

போட்டோ வந்தது. செங்கல்வராயன் கறுப்புச் சட்டையில் நிற்கிறார். கையில் வட்டமாக ஒரு பெரிய பூமாலை. அவர் தோளில் தலையைச் சாய்த்தபடி நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஒரு வெள்ளைக்காரி.

"ஆம்பள கையில மாலைய வச்சிக்கினு நிக்கிறான். பொம்பள தோள்ல சாஞ்சிக்கினு நிக்கிறா. இதுக்கு இன்னா அர்த்தம், நீயே சொல்லு."

எனக்கும் வேறு அர்த்தம் தெரியவில்லை.

விஷயம் சாதாரணமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் செங்கல்வராயனின் மகள் ரோஜாவை என் அக்கா மகன் எழிலரசனுக்குப் பேசியிருந்தார்கள். இருவரும் ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்துப்போய், அப்புறம் பெரியவர்கள் காதுக்கு வந்த சம்பந்தம். ஆவணி மாதம் இரண்டாவது சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் திருமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, வெளியே வந்து அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பா வர முடியாது, லீவு இல்லை என்று சொல்லிவிட்டார். அதுவே அக்காவுக்கு ஒரு நெருடல்.

"நீ அங்கதானே இருக்கற? ஒரு நாள் போய் விசாரிச்சிட்டு வா. நம்ம வழக்கப்படி."

நம்ம வழக்கம் என்றால், எங்கள் நெசவுக்காரர் வீடுகளில் சம்பந்தம் முடிவாகுமுன் ஒருவர் போய்ப் பார்த்து வரவேண்டும். வந்த காரணத்தைச் சொல்லக்கூடாது. வேட்டி வாங்க வந்தேன், வழி தவறி வந்தேன் என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். முக்கியமான ஒன்று, போன இடத்தில் கை நனைக்கக்கூடாது. அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றவன் அவர்களைப் பற்றி உள்ளபடி சொல்லமாட்டான் என்பது கணக்கு. தின்றுவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். என் அப்பா ஒருமுறை நாராயணவனத்தில் விசாரிக்கப் போய், வெயிலுக்கு ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வந்து, அந்தக் கல்யாணத்துக்கு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு லிமசோலில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. மாலுமிகளின் விசாத் தாள்களைச் சரிபார்ப்பது. பேர் ஒன்று போல இருக்கிறதா, தேதி ஒன்று போல இருக்கிறதா என்று பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, எந்தத் தாளையும் எந்த ஆளையும் முதல் பார்வையில் நம்புகிற பழக்கம் போய்விட்டது. செங்கல்வராயனை இரண்டு தீபாவளிக் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர். ஹோட்டலில் சூப்பர்வைசர் என்று நகரியில் சொல்லிவைத்திருந்தார். எந்த ஹோட்டல் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

போன் செய்தேன். "அண்ணா, இத்தினி வருஷம் இருந்தும் மலை ஊருங்கள நான் பார்த்ததில்ல. சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கினு போறீங்களா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இந்த சனிக்கிழமையேவா?"

"ஏன், வேலை இருக்குதா?"

"வேலைதான் இருக்குது. சரி வா நைனா, பரவால்ல."

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

*

காலை எட்டு மணிக்கு ரவுண்டானாவில் பழைய சுசூகியோடு நின்றிருந்தார். பின்னால் ஒரு பெட்டி. பக்கவாட்டில் சாக்கு சுற்றிக் கட்டிய மண்வெட்டி.

"மம்புட்டி எதுக்குண்ணா?"

"தோட்ட வேலை கொஞ்சம் இருக்குது." முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஏறு. இந்தப் பக்கம் காதுல பேசு. வலது காத மிஷின் துன்னுட்சி."

பதினைந்து வயதில் நகரியில் பவர்லூம் கொட்டகைக்குள் போனவர். எட்டாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் பதினாறு தறி ஒன்றாக ஓடுகிற சத்தத்தில் இருபத்தேழு வருஷம். சத்தம் வலது காதைத் தின்றது. நாற்பத்திரண்டு வயதில் ஏஜெண்ட் மூலம் இங்கே வந்தார். முதலில் மலையில் ஆட்டுப்பட்டி, அப்புறம் யாக்கோவிஸ் என்ற கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இவ்வளவையும் வண்டி ஓட்டிக்கொண்டே, காற்றோடு போட்டிபோட்டுக் கத்திச் சொன்னார். கிழவர் செத்தபிறகு என்ன வேலை என்பதைச் சொல்லவில்லை.

"அப்ப ஹோட்டல்?"

"இன்னா?"

"ஹோட்டல்ணா! சூப்பர்வைசர்!"

"ஆங், ஆங்" என்று ஒரு வளைவைத் திருப்பினார். நான் அவர் இடது காதில்தான் கேட்டேன்.

இந்தத் தீவிலும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக இறங்கின. சட்டைப் பையில் குடியிருப்பு அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அட்டையைத் தொடும்போதெல்லாம் அவர் இடுப்புச் சாவிக்கொத்து கண்ணில் பட்டது. எண்ணினேன். எட்டு.

"இத்தினி சாவியாண்ணா?"

"ஏழு வீடு நம்ம பொறுப்புல இருக்குது."

"சாவி எட்டு இருக்குதே."

அவர் சிரித்தார். சலீம் பொய் சொல்லவில்லை என்று அப்போது முதல்முறையாகத் தோன்றியது. ஊருக்கு ஒரு வீடு. வீட்டுக்கு ஒரு சாவி. ஒரு சாவி கூடுதல்.

ஊர்களின் பெயர் அவர் வாயில் நுழையாததால் நகரிப் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தானே வைத்திருந்தார். ஏரி இருக்கிற ஊர் கார்வேட்நகரம். போலீஸ் நின்று தாள் கேட்கிற முச்சந்தி தடா. கிழவிகள் எல்லோரும் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிற ஊர் புத்தூர், அங்கே எலும்புக்குக் கட்டுப் போடுகிற மாதிரி. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தித் தூரத்தில் ஒரு பாறையைக் காட்டினார்.

"அதோ பாரு, நகரி மூக்கு. அப்படியே இருக்குதா இல்லையா?"

மூக்கு மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் நான், "எந்த மலைக்கும் ஒரு மூக்கு இருக்கும்ணா" என்றேன்.

"உனக்கு எதுலயும் ஒரு டவுட்டு."

முதல் ஊர் அவருடைய கார்வேட்நகரம். கதவைத் தட்டவில்லை. தன் சாவியால் திறந்து, தன் வீடு போல உள்ளே போனார். எழுபது வயது அம்மாள் ஒருத்தி ஊன்றுகோலோடு வந்து, "செங்கோ!" என்று அவர் கன்னம் இரண்டிலும் முத்தம் கொடுத்தாள். அவர் பெட்டியிலிருந்து மாத்திரை, ரொட்டி, ஒரு பெரிய பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தார். காஸ் சிலிண்டரை மாற்றினார். அம்மாள் என் பக்கம் ஒரு தட்டை நீட்டினாள், பாகில் ஊறவைத்த பச்சை வாதுமைக்காய்.

"எடுத்துக்கோ நைனா, அவங்க கையால செஞ்சது."

"வயிறு சரியில்லண்ணா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

எழுபது வயசுக்காரி மேல் என்ன சந்தேகம் என்று யாரும் கேட்கலாம். எனக்கு வந்தது. பெரிய வீடு, சுற்றிலும் தோட்டம், பிள்ளைகள் லண்டனில். சொத்துக்காகக் கிழவிகளைக் கைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் பற்றி ஆபீசில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஊரிலும் அதே மாதிரி ஒரு வீடு, ஒரு சாவி, ஒரு கிழவி. இந்த முறை அத்திப்பழம்.

"இதுவும் வேணாமா?"

"வேணாம்ணா."

"தண்ணியாச்சும் குடி. வெயிலு மண்டைய பொளக்குது."

"என்கிட்ட பாட்டில் இருக்குது."

"அதுவும் சரிதான்" என்றார் மெதுவாக.

*

பதினொன்றரை வாக்கில் அவருடைய புத்தூர் வந்தது. கல் படிக்கட்டுகளாகவே தெருக்கள். சின்ன வண்டிகூட உள்ளே போக முடியாது. முனையில் ஒரு காப்பிக்கடை, அதில் மூன்று கிழவர்கள். செங்கல்வராயன் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒரு அரை மணி. இங்கயே குந்து. மேல வந்துடாத, இன்னா?"

பெட்டியைத் திறந்து ஒரு துண்டு, தேய்த்து மடித்த கறுப்புச் சட்டை, ஒரு சின்னப் பை எடுத்தார். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே சீப்பு, முகப்பவுடர், லிப்ஸ்டிக்.

போட்டோவில் போட்டிருந்த சட்டை அதுதான்.

அவர் படி ஏறிப் போய் ஒரு நீலக் கதவின் முன் நின்றார். சாவி எடுக்கவில்லை. கதவு தானே திறந்தது. திறந்தவள் போட்டோவில் இருந்த பெண். அதே முகம், அதே கறுப்பு உடை, தலைமுடி அவிழ்ந்திருந்தது. அவள் அவரைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இருவரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலின் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

காப்பிக்கடைக்காரர் காப்பி கொண்டுவந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஆங்கிலத்தில், "அந்த வீட்டில் யார்?" என்றேன்.

"அந்திரியானி. நேற்று இரவு லண்டனிலிருந்து வந்தாள்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வெற்றிலை பாக்கு மாற்றுவதும் அன்றைக்குத்தான். திருமலையில் அப்போது மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். அக்காவைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"சொல்லுடா. எல்லாரும் ரூம்லதான் இருக்கம். மூணு மணி தரிசனம், இப்ப கிளம்பணும்."

"அக்கா, அந்தப் பொம்பளதான். போட்டோல இருக்கிறவ."

"நிஜமாவா?"

"கதவத் திறந்ததும் கட்டிப் புடிச்சா. உள்ள போய் ஜன்னலெல்லாம் சாத்திக்கினாங்க. பையில பொம்பளைங்க சாமான் எடுத்துக்கினு போறார்."

"உன் கண்ணால பார்த்த?"

"என் கண்ணால பார்த்தேன்."

அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணோட அம்மா துர்காதேவி உள்ள உக்காந்து பூ கட்டிக்கினு இருக்குதுடா. புருஷன் அங்க ஹோட்டல்ல உழைக்கிறாராம். சீ. எப்படி ஏமாத்தி வச்சிருக்கான் பாரு."

"அக்கா, அவசரப்பட்டு…"

"நீ எதுனா துன்னியா அங்க?"

"இல்ல."

"அந்தே, அவ்ளோதான். அப்ப நீ சொல்றதுதான் முடிவு. போனெல்லாம் கவுண்டர்ல குடுத்துட்டுதான் உள்ள போவணும். தரிசனம் முடியட்டும். வெளிய வந்ததும் வெத்தல தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே சொல்லிடறன், இந்த சம்பந்தம் வேணாம்னு. எழிலுக்கு நான் சொல்லிக்கிறன்."

"ரோஜா?"

"அது இன்னா பண்ணும், பாவம். ஆனா அப்பன் யாருன்னுதானே ஊர் கேக்கும்?"

வைத்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாளில் இரண்டு தேதி ஒத்துப்போகாததைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அந்தத் திருப்தி.

பத்து நிமிஷம் போயிருக்கும். சர்ச் மணி ஒன்று அடித்தது. ரொம்ப நேரம் விட்டு இன்னொன்று. காப்பிக்கடைக் கிழவர்கள் மூவரும் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். நீலக் கதவு திறந்தது. செங்கல்வராயன் கறுப்புச் சட்டையில், தலை ஈரமாக, என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"நைனா, மேல வா. கொஞ்சம் கை குடு. நாலாவது ஆள் இல்ல."

*

கூடத்தின் நடுவில் சவப்பெட்டி இருந்தது. உள்ளே ஒரு கிழவி. தலை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசி, உதட்டில் மெல்லிய சிவப்பு. அறை முழுக்கத் திராட்சை மதுவும் சோப்பும் கலந்த வாசனை. தலைமாட்டில் அந்திரியானி நின்றுகொண்டிருந்தாள்.

"கிரியா மரூல்லா" என்றார் செங்கல்வராயன். கிரியா என்றால் இங்கே அம்மா மாதிரி. "யாக்கோவிஸ் சம்சாரம். இவ மக. லிப்ஸ்டிக் போடாம யார் முன்னாடியும் வரமாட்டாங்க கிழவி. நான் செத்தா நீதான் குளிப்பாட்டணும், கண்டவன் கைய வெக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாங்க. துணி மாத்தறதெல்லாம் மக பார்த்துக்கினா. தூக்கிப் புரட்டறதுக்கு என் கை வேணும்."

நான் கதவோரம் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் சாவு வீட்டு வாசலைத் தாண்டினாலே தலை முழுகாமல் உள்ளே விடமாட்டார்கள். பிணத்தைத் தொடுவது வேறு ஆட்களின் வேலை என்று சொல்லாமலே சொல்லி வளர்த்தார்கள்.

"பயப்படாத. அந்த சந்துல வண்டி வராது. அந்தக் கிழவனுங்க மூணு பேர், அதுல ஒருத்தனுக்கு இதயத்துல மிஷின் வச்சிருக்குது. நான் ஒரு மூலை, நீ ஒரு மூலை. பின்னாடி பாதிரியார் பையனும் தெம்பு இருக்கற கிழவன் ஒருத்தனும் புடிப்பாங்க."

தூக்கினேன். படிக்கட்டில் அந்தப் பெட்டியின் விளிம்பு தோளை அழுத்திய அழுத்தம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் செங்கல்வராயன், "மெல்ல, மெல்ல, இப்ப இடது கால்" என்று எனக்குத் தமிழிலும் மற்றவர்களுக்குக் கிரேக்கத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார். சர்ச்சில் பாட்டு முடிந்து, ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. செங்கல்வராயன் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து ஒரு பெரிய சாவியைத் தேடினார்.

அது எட்டாவது சாவி.

குழி முந்தின நாளே வெட்டித் தயாராக இருந்தது. ஓரங்கள் தறியில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. பெட்டி இறங்கியதும், பாதிரியார் மண் போட்டதும், எல்லோரும் நகர்ந்தார்கள். செங்கல்வராயன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சாக்கை அவிழ்த்து மண்வெட்டியை எடுத்தார். குழி மூடுகிற வரைக்கும் அந்திரியானி ஒரு வட்டமான பூமாலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மேட்டின் மேல் வைத்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

போட்டோவில் பார்த்தது இதேதான். அது ஐந்து வருஷத்துக்கு முன், யாக்கோவிஸின் குழிப் பக்கத்தில் எடுத்தது என்று அப்புறம் தெரிந்தது. நகரியில் அந்த வட்டமான மாலையைப் பார்த்தவர்களுக்குக் கல்யாணம் ஞாபகம் வந்தது. எனக்கும்.

*

இந்தத் தீவில் அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே ரொட்டியும் ஆலிவ் காயும் பாலாடைக்கட்டியும் கொடுக்கிறார்கள். செங்கல்வராயன் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தார். ஒரு தட்டை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். நான் தொடவில்லை.

"இன்னும் விரதமா?" என்றார்.

"இன்னா விரதம்?"

"காலையிலருந்து பாக்கறன். வாதுமை வேணாம், அத்திப்பழம் வேணாம், காப்பி வேணாம். தண்ணிகூட உன் பாட்டிலு." ஆலிவ் கொட்டையைத் துப்பினார். "நானும் நகரிக்காரன்தான் நைனா. என் தங்கச்சிக்கு விசாரிக்க நான் போயிருக்கறன். பொன்பாடி செக்போஸ்ட்லருந்து திரும்பற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல. உங்கக்கா அனுப்பினாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கேளு. இன்னா கேக்கணுமோ கேட்டுடு."

"ஹோட்டல்னு ஏன் சொன்னீங்க?"

"பின்ன இன்னான்னு சொல்றது? கிழவனுக்குப் பீ அள்ளறன், கிழவியக் குளிப்பாட்டறன், குழி வெட்டறன்னா? வெட்டியான் பொண்ண எடுக்கறீங்களான்னு உங்க வீட்ல வந்து கேப்பானுங்க. அந்த வேலைய வம்சமா செய்யறவங்கள நம்ம தெருவுல எங்க நிக்க வெச்சோம்னு உனக்குத் தெரியாதா? நானுந்தான் நிக்க வெச்சேன்." கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொரோனால எங்கம்மா போனப்ப நான் இங்க மாட்டிக்கினேன். நம்ம ஆளுங்க ஒருத்தன் கிட்ட வரல. யாரோ நாலு பேரு, பேரே தெரியாது, தூக்கிப் போய் வெச்சாங்க. அதே வாரம் யாக்கோவிஸ் செத்தாரு. இங்கயும் இந்த மக ஒருத்தியத் தவிர யாரும் கிட்ட வரல. நான் தூக்கினேன். அப்பறம் ஊர் ஊரா கூப்பிட ஆரம்பிச்சாங்க. செங்கோ வருவான்னு. இதுல எனக்கு ஒரு அவமானமும் இல்ல. சொல்றதுக்குத்தான் வாய் வரல."

எனக்குள் இருக்கிற அந்த ஆபீஸ் ஆள் அப்போதும் அடங்கவில்லை. "வீட்ல தெரியுமா?"

"துர்காவுக்கு மொதல் நாளே சொல்லிட்டன். ரோஜாவுக்கும் தெரியும். அதுதான் பிடிவாதம் பிடிச்சிது. நீ பொய் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்ப்பா, நான் பொய் மேல கல்யாணம் பண்ணிக்க மாட்டன்னு. இன்னிக்கு மலையில, தரிசனம் முடிச்சி வெளிய வந்ததும், தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அதே சொல்லப் போவுது. எழில் முன்னாடி, உங்கக்கா முன்னாடி. பிடிச்சா மாத்திக்கட்டும், இல்லைன்னா பஸ் ஏறி வந்துடறன்னுச்சி." இன்னொரு ஆலிவ் காயை எடுத்துத் திரும்ப வைத்தார். "அதான் இந்த சனிக்கிழமையேவான்னு உன்ன கேட்டன். இன்னிக்கு எனக்குப் பக்கத்துல யாருனா இருந்தா நல்லாதான் இருக்கும்னும் தோணுச்சி."

ரோஜா வாயைத் திறக்குமுன் அக்கா திறந்துவிடுவாள். அப்பனுக்கு வெள்ளைக்காரி என்று அக்கா சொன்ன பிறகு, இல்லை, அவர் குழி வெட்டுகிறார் என்று அந்தப் பெண் சொன்னால், மாட்டிக்கொண்டதும் கட்டிய கதையாகத்தான் அது கேட்கும். உண்மையைச் சொல்ல வந்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

"நீ எதுவும் சொல்லிடலயே?" என்றார் செங்கல்வராயன். என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்ட."

"காப்பிக்கடையில உக்காந்து. அந்திரியானி கட்டிப் புடிச்சத பார்த்துட்டு…"

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

"மணி இன்னா அங்க?"

"நாலேகால்."

"தரிசனம் முடிஞ்சிருக்குமா?"

"இப்பதான் முடியற நேரம். போன் கவுண்டர்ல இருக்கும்."

"அப்ப அதுக்குள்ள புடி. பொம்பள விஷயம் இல்லன்னு மட்டும் சொல்லு. மத்தத நீ சொல்லாத. ரோஜா சொல்லட்டும். அது சொல்லணும்னு ஆசையா போயிருக்குது."

தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தேன். ஒரு ஆலிவ் காயை அதில் வைத்து வாயில் போட்டேன். சாவு வீட்டு ரொட்டி, கை கழுவக்கூட இல்லை. செங்கல்வராயன் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளிவைத்தார். அதையும் குடித்தேன்.

நீ எதுனா துன்னியா என்றுதான் அக்கா முதலில் கேட்பாள். துன்னேன் என்று சொன்னால் மற்றது அவளுக்குப் புரியும். புரிய வேண்டும். அல்லது, இன்னொரு பொம்பளை என்றாலாவது ஊருக்கு ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம், குழி வெட்டுகிறவன் வீடா என்று கேட்டுவிடுவாளோ? அக்காவை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா எண்ணை அழுத்தினேன். ரிங் போனது. முழுசாகப் போய் நின்றது. எழிலரசனைக் கூப்பிட்டேன், அதுவும் அப்படியே. பக்கத்தில் செங்கல்வராயன் தன் பழைய போனில் துர்காதேவியைக் கூப்பிட்டு, இடது காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எடு, எடு.

"எடுக்கலயா?"

"இல்ல நைனா. உனக்கு?"

மறுபடியும் அக்காவை அழுத்தினேன். கவுண்டர் பையில் மற்ற போன்களோடு கிடந்து அது அடித்துக்கொண்டிருக்கலாம். பையை வாங்கி அக்கா தோளில் மாட்டியிருக்கலாம், அவள் பேச்சுக்குக் கீழே அது கேட்காமல் போயிருக்கலாம். அந்திரியானி கல்லறைத் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டு, பூட்டச் சொல்லி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செங்கல்வராயன் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது ரிங். நாலாவது. ஐந்தாவது.